சம்பள உயர்வைச் சொல்லப் போறீங்களா? ஊழியரைக் கூப்பிடும் முன் மேனேஜர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஏப்ரல் பிறந்துட்டா சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் டீக்கடைகளில் பேச்சே மாறிடும். கிரிக்கெட், சினிமா எல்லாம் பின்னாடி போய், "உனக்கு எவ்வளவு போட்டாங்க?" என்ற கேள்வி முன்னாடி வந்துடும். அந்தக் கேள்விக்கு டீக்கடையில் கிடைக்கிற பதில், ஆபீஸ் அறைக்குள் மேனேஜர் சொன்ன பதிலை விட பல நேரம் தெளிவா இருக்கும். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்குது.

டீம் லீடர், சூப்பர்வைசர், சிஃப்ட் இன்சார்ஜ், புதுசா மேனேஜர் ஆனவர் என்று யாராக இருந்தாலும் நிலைமை ஒண்ணுதான். சம்பளத்தை முடிவு பண்றது அவங்க இல்லை. ஆனா அதைச் சொல்ல வேண்டியது, சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியது எல்லாம் அவங்கதான். எந்திரத்தை ஓட்டக் கத்துக் கொடுக்கும் நிறுவனங்கள்கூட இந்தப் பேச்சுக்கு யாரையும் தயார் பண்றதில்லை. "லெட்டரைக் கொடுத்துடு, கேட்டா எச்.ஆர்.கிட்ட அனுப்பு" என்பதோடு பயிற்சி முடிஞ்சுடுது.

இந்த வருஷம் அது போதாது. காரணம், ஊதியச் சட்டமே மாறியிருக்கு.

என்ன மாறியிருக்கு?

நாடாளுமன்றத்தில் 2019-லேயே நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு சேர்ந்து 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியம் வழங்கல் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கு பழைய சட்டங்களின் இடத்தில் இப்போ இந்த ஒரே தொகுப்பு.

இதில் சாதாரண ஊழியரின் பே-ஸ்லிப்பை நேரடியாத் தொடுவது 'ஊதியம்' என்ற சொல்லுக்கான புது வரையறை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனா அப்படிச் சேராதவை எல்லாம் கூட்டி மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கில் வரும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதா வெச்சு, மிச்சத்தை எல்லாம் 'அலவன்ஸ்' என்று பிரிச்சுக் காட்டும் பழைய வழக்கத்துக்கு இது ஒரு பூட்டு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மேனேஜரின் தலைவலி புரியும்.

8% உயர்வு, கைக்கு வருவது 4%

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். மாசம் சி.டி.சி. 50,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 18,000. நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12% பி.எஃப். கட்டுது, அந்த நிறுவனப் பங்கும் சி.டி.சி.-க்குள்ளேயே இருக்கு. அப்போ ஊழியர் பங்கு 2,160, நிறுவனப் பங்கு 2,160. கைக்கு வருவது 45,680 ரூபாய்.

இப்போ 8% உயர்வு. சி.டி.சி. 54,000 ஆகுது. புது வரையறைப்படி ஊதியம் குறைந்தது அதில் பாதி, அதாவது 27,000. அதற்கு 12% என்றால் 3,240. இரண்டு பங்கும் சேர்ந்து 6,480. கைக்கு வருவது 47,520.

கூடியது எவ்வளவு? 1,840 ரூபாய். லெட்டரில் 8%, வங்கிக் கணக்கில் சுமார் 4%. மீதி 2,160 ரூபாய் எங்கேயும் காணாமல் போகலை, ஊழியரின் பி.எஃப். கணக்குக்குப் போயிருக்கு. பணிக்கொடைக் கணக்கும் உயருது. ஒரு வருடச் சேவைக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் முன்பு 10,385 ரூபாய் வந்த இடத்தில் இனி 15,577 வரும். நீண்ட காலத்தில் ஊழியருக்கு இது லாபம். ஆனா வீட்டுக் கடன் தவணையும், பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸும் நீண்ட காலத்தைப் பார்த்து வருவதில்லையே!

எல்லா நிறுவனத்திலும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. பி.எஃப். கட்டுவதற்கான சட்டப்படியான ஊதிய வரம்பு 15,000 ரூபாய். அந்த வரம்புக்கு மட்டுமே, அதாவது மாசம் 1,800 ரூபாய் மட்டுமே கட்டிவரும் நிறுவனத்தில், மேலே சொன்ன ஊழியருக்கு 4,000 ரூபாயும் முழுசாக் கையில் ஏறும். வரம்பு அளவில் பி.எஃப். பிடித்தால் கைக்கு வரும் சம்பளம் குறையாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமும் 2025 டிசம்பரில் விளக்கம் தந்தது. ஆக, பக்கத்துக் கம்பெனியில் அதே 8% வாங்கியவர் கையில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கலாம். டீக்கடையில் இதுதான் பேச்சாகும். உங்க நிறுவனம் எந்த வழியில் பி.எஃப். பிடிக்குது என்று தெரியாமல் நீங்கள் பேச உட்கார்ந்தால் முதல் இரண்டு நிமிஷத்திலேயே மாட்டிக்குவீங்க.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பேச்சு புதுசா?

கூலிப் பேச்சு புதுசில்லை. தனித்தனியாப் பேசுவதுதான் புதுசு.

கோவை பஞ்சாலை ஊர். 1933-லேயே இங்கே தென்னிந்திய மில்கள் சங்கம், அதாவது சைமா, தொடங்கியாச்சு. மில் கூலி என்பது முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு முடிக்கிற விஷயம். டிபார்ட்மென்ட் மாஸ்டருக்கு அதில் வேலை, நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் படிச்சுக் காட்டுவதுதான். திருப்பூர் பின்னலாடையில் இன்றும் அப்படித்தான். 2021-ல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு வருடத்துக்கு 19% உயர்வு என்று முடிவானது. முதல் வருடம் 8%, அடுத்து 5%, பிறகு 3%, 3%. பத்திரிகைத் தலைப்பில் வந்தது 19. நாலாவது வருடம் டெய்லர் கையில் வந்தது 3. பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு, அது எப்போ, எதன் மேல் கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிஞ்சுக்க இந்த ஒரு உதாரணமே போதும்.

டைடல் பார்க், ஐ.டி. நிறுவனங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள், பிராண்டு ஷோரூம்கள் வந்த பிறகுதான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சம்பளம், ஒவ்வொருத்தரிடமும் தனியா ஒரு பேச்சு என்ற முறை வந்தது. நடுவில் சங்கம் இல்லை, போர்டில் ஒட்டிய ரேட்டும் இல்லை. மேனேஜர் வாயில் வருவதுதான் விளக்கம்.

சங்கம் இருக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது சூப்பர்வைசர் ஒருத்தரைத் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் பார்த்துச் செய்றேன்" என்று சொல்வது நல்லெண்ணத்தில் சொன்னாலும் நெருப்பில் கை வைக்கிற வேலை. தொழிலாளர்களின் ஊதிய அமைப்பைப் பாதகமா மாற்றுவதாக இருந்தால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு சொல்லுது. அது நிர்வாகம் முறைப்படி செய்ய வேண்டியது, கேன்டீனில் வாய்மொழியாச் சொல்வது இல்லை.

ஊழியரைக் கூப்பிடும் முன்

முதல் வேலை எச்.ஆர். அறைக்குப் போவது. போய், "இந்த ஆளுக்கு ஏன் இந்தத் தொகை?" என்று கேளுங்க. கிடைக்கும் பதிலை எழுதி வெச்சுக்குங்க. அந்தப் பதில் உங்களுக்கே புரியலைன்னா, உங்க டீமில் இருப்பவருக்கு நிச்சயம் புரியப் போறதில்லை. புரியும் வரை கேட்பது உங்க உரிமை, சொல்லப் போனால் கடமை.

நிறுவனத்தில் அந்தப் பதவிக்கு எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை சம்பளம், இவர் அதில் எங்கே நிற்கிறார், இந்த வருடம் சராசரி உயர்வு எவ்வளவு, இவருக்குக் கூடவோ குறையவோ வந்தது எதனால் என்பதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். அதோடு, இதில் எதை ஊழியரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் அப்பவே கேட்டு வாங்கிக்கணும். பேச்சு நடுவில் "இதைச் சொல்லலாமா தெரியலையே" என்று முழிச்சா, எதையோ மறைக்கிற மாதிரிதான் தெரியும்.

இன்னொண்ணு, பெரும்பாலானவர்கள் விட்டுடறது: போன மாச பே-ஸ்லிப்பையும் வரப்போற பே-ஸ்லிப்பின் மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒரு முறை பிடிக்கிறாங்க, அரை ஆண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய் வரை போகும். உயர்வு வந்த அதே மாசம் இந்தப் பிடித்தமும் வந்தா, "உயர்வுன்னு சொல்லிட்டுக் குறைச்சுட்டாங்க" என்ற பேச்சு கிளம்பிடும். சின்ன விஷயம்தான், ஆனா நம்பிக்கை போறது இந்த மாதிரி சின்ன விஷயத்தில்தான்.

அறைக்குள் என்ன நடக்குது?

பல இடங்களில் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"சார், எட்டு பர்சன்ட்னு லெட்டர் வந்துச்சுங்க. ஆனா அக்கவுன்ட்ல ரெண்டாயிரம்கூட ஏறலீங்களே?"

"அது எச்.ஆர். போட்ட கணக்குப்பா. எனக்கும் ஒண்ணும் தெரியாது. நானும் உன்ன மாதிரிதான்."

இரண்டாவது வரி அனுதாபம் மாதிரித் தெரியும். உண்மையில் மேனேஜர் கையைக் கழுவிட்டார். கேட்டவருக்குப் பதிலும் கிடைக்கலை, இனி யாரிடம் கேட்பது என்றும் தெரியலை. அதே கேள்விக்கு இப்படிச் சொல்லிப் பாருங்க:

"எட்டு பர்சன்ட்ங்கிறது சி.டி.சி. மேலங்க. மொத்தம் நாலாயிரம் ஏறியிருக்குது. அதுல 2,160 உங்க பி.எஃப்.-க்குப் போகுது, 1,840 கைக்கு வருது. லெட்டர் கொடுக்கும்போதே நான் இதச் சொல்லியிருக்கோணும், சொல்லாம விட்டது என் தப்பு. இந்தக் கணக்கை ஒரு தாள்ல போட்டு வெச்சிருக்கறேன், பாருங்க."

இதனால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடலை. ஆனா வெளியே போகும்போது ஏமாந்த உணர்வோடு போக மாட்டார்.

தொகையை முதலில் சொல்லுங்க. பத்து நிமிஷம் கம்பெனி நிலைமை, மார்க்கெட் நிலைமை, அமெரிக்க வரி என்று சுத்திட்டு வந்தா, கேட்பவர் அந்தப் பத்து நிமிஷமும் எதையும் காதில் வாங்கறதில்லை, எண்ணுக்காகத்தான் காத்திருப்பார். எண்ணைச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அந்த மௌனத்தை நிரப்பணும் என்ற அவசரத்தில்தான் மேனேஜர்கள் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கிறாங்க. உங்க அதிகாரத்தில் இல்லாத எதையும் வாக்காச் சொல்லாதீங்க. "மேல பேசறேன், அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்" என்பது சொல்லக்கூடிய வாக்கு. வெள்ளிக்கிழமை பதில் 'இல்லை' என்றாலும் போய்ச் சொல்லணும்.

நம்ம ஊர்ப் பேச்சில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. "சொல்லுங்க கண்ணு", "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க தம்பி" என்று இனிப்பாப் பேசியே அனுப்பிடலாம். அந்த நேரத்துக்கு வேலை முடிஞ்ச மாதிரிதான் இருக்கும். இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் ஒரு பழைய வேலையில் அப்படி நடந்திருக்கு. அரை மணி நேரம் பாராட்டு. வெளியே வந்து லெட்டரைப் பிரிச்சப்போதான் உயர்வே இல்லைன்னு தெரிஞ்சது. அந்தப் பாராட்டில் ஒரு வார்த்தைகூட இப்போ ஞாபகம் இல்லை.

"அவனுக்கு மட்டும் ஏன் அதிகம்?"

வரும். கண்டிப்பா வரும். "சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது" என்று நியமனக் கடிதத்தில் போட்டிருந்தாலும் வரும். தன் சம்பளத்தை ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்வதை இந்தியச் சட்டம் எதுவும் தடுக்கலை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், சம்பளத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையே போடக் கூடாது என 2023-ல் விதி கொண்டு வந்தது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் அதைச் சேர்க்கத் தரப்பட்ட கெடு 2026 ஜூன் 7. இங்கே அது செல்லாது. ஆனா ஐரோப்பியத் தலைமையகம் உள்ள நிறுவனங்களின் கோவை அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், அங்கே இருக்கும் சக ஊழியரிடமிருந்து இந்தச் செய்தியைக் கேட்கத்தான் போறாங்க.

பக்கத்து இருக்கைக்காரர் சம்பளம் தெரிஞ்சா மனசு என்ன ஆகும் என்பதை ஆராய்ச்சியாவே செய்திருக்காங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் ஒரு செய்தித்தாளின் இணையதளத்தில் இருந்தது. சிலருக்கு மட்டும் அந்தத் தளம் இருப்பதைச் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் மனநிலையைக் கேட்டறிந்தார்கள் நான்கு பொருளாதார ஆய்வாளர்கள். 2012-ல் வெளியான முடிவு இது: தன் பிரிவில் நடுமட்டத்துக்குக் கீழே வாங்குபவர்களுக்கு வேலையில் திருப்தி குறைஞ்சது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குபவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம் எதுவும் வரலை. குறைவா வாங்குபவர் வருத்தத்தை அதிகமா வாங்குபவர் மகிழ்ச்சி ஈடு கட்டறதில்லை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் மேனேஜர் செய்யக் கூடாதது, "அவன் சம்பளம் உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று விசாரணை நடத்துவது. இன்னொருத்தர் சம்பளத்தை உறுதிப்படுத்தவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "அவரைப் பத்தி நான் பேச முடியாதுங்க. உங்க சம்பளம் எப்படி முடிவாச்சுன்னு முழுசாச் சொல்றேன்" என்று அவரிடமே பேச்சைக் கொண்டு வாங்க. வித்தியாசத்துக்கு அனுபவம், திறமை, பொறுப்பு, இரவு சிஃப்ட் என்று நியாயமான காரணம் இருந்தால் சொல்லுங்க. காரணம் கிடைக்கலைன்னா, ஒன்றை உருவாக்கிச் சொல்லாதீங்க. குறிச்சு வெச்சு மேலே கொண்டு போங்க.

கேட்பவர் பெண்ணாகவும், ஒப்பிடப்படுபவர் அதே வேலை செய்யும் ஆணாகவும் இருந்தால் விஷயம் மனவருத்தத்தோடு நிற்காது. ஒரே வேலைக்கு, அல்லது அதே தன்மையுள்ள வேலைக்குப் பாலினத்தைக் காரணம் காட்டி ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-வது பிரிவு சொல்லுது. "அவருக்குக் குடும்பம் இருக்கும்மா, உங்க வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே" என்ற வசனத்தை இன்னமும் சொல்லும் மேனேஜர்கள் இருக்காங்க. அது ஆறுதல் இல்லை, பாகுபாட்டுக்கு அவர்களே எழுதிக் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம்.

ஒர்க்‌ஷாப்பிலும் தையல் கூடத்திலும்

கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் பம்ப், காஸ்டிங், லேத் வேலை செய்யும் சின்ன யூனிட்டுகளில் அப்ரைசல் என்ற சொல்லே இருக்காது. ஓனர் அண்ணன்தான் மேனேஜர். தீபாவளி முடிஞ்சு கடை திறந்த அன்னிக்கு, "இந்த வாரத்திலிருந்து ஐம்பது ரூபா சேர்த்துக்க" என்பதோடு சரி. ஆனா வேலை செய்பவர்களுக்கு ஊதியச் சீட்டு தர வேண்டும் என்பது இங்கேயும் சட்டம். ஒரு தாளில் நாள் கூலி, வேலை நாள், ஓவர்டைம், பிடித்தம் நாலையும் எழுதிக் கொடுத்தாலே சண்டை பாதி குறைஞ்சிடும்.

ஓவர்டைம்தான் பெரிய இடறு. திருப்பூரில் ஒன்றரை சிஃப்ட் பார்த்தால் ஒன்றரைப் பங்கு கூலி என்று கணக்குப் போட்டே பழக்கம். சட்டப்படி வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் செய்யும் நேரத்துக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் தரணும். தொழிலாளி இதைக் கேட்கும்போது சூப்பர்வைசர் "இங்கே எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி முடிக்க முடியாது. முதலாளியிடம் போய்ப் பேச வேண்டிய கேள்வி அது.

அட்வான்ஸ் பிடித்தமும் அப்படித்தான். கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று வாங்கிய முன்பணத்தைக் கழிக்கலாம். ஆனா எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வாரச் சம்பளக்காரருக்கு வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் பணம் கையில் இருக்கணும். மாசச் சம்பளம் என்றால் அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள். தீபாவளி போனஸும் தகுதி உள்ளவர்களுக்கு 8.33%-க்குக் குறையக் கூடாது, அதிகபட்சம் 20%. "முதலாளி பார்த்துக் கொடுக்கிறார்" என்று அதைப் பரிசு மாதிரிச் சொல்வதை நிறுத்திக்கலாம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் வேலை செய்யும் இடங்களில் இந்தப் பேச்சு காண்ட்ராக்டர் வழியாத்தான் நடக்குது. நீங்கள் சொன்ன தொகையும் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்த தொகையும் ஒண்ணா என்று பார்க்க ஒரே வழி, இந்தியோ ஒடியாவோ தெரிஞ்ச வேறொருத்தரை வெச்சு நேரடியாச் சொல்லி, கணக்குத் தாளை அவர் போனில் படம் எடுத்துக்கச் சொல்வதுதான்.

முன்கூட்டியே சொன்னால்?

கோவையிலேயே ஒரு உதாரணம் இருக்கு. மென்பொருள் நிறுவனமான கோவை.கோ, 2022-ல் ஒரு திட்டத்தை அறிவிச்சது. அந்த வருட டிசம்பர் 31-க்குள் சேர்ந்து மூன்று வருடம் முடிப்பவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். 2025 தொடக்கத்தில் முதல் கட்டமா அந்தப் பணம் கணக்கில் ஏறியது. மொத்தம் சுமார் 140 பேருக்கு 14.5 கோடி ரூபாய் என்று நிறுவனர் சரவணகுமார் அறிவிச்சப்போ நாடு முழுக்கச் செய்தியாச்சு. செய்தியானது தொகைக்காகத்தான். ஆனா நம்ம விஷயத்துக்குத் தேவையானது வேற: யாருக்கு, எப்போ, எவ்வளவு என்பதை முதல் நாளே சொல்லிட்டாங்க. அந்த நிறுவனத்தில் எந்த டீம் லீடரும் இதற்காகத் தனியா உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டியிருந்திருக்காது. எல்லா நிறுவனமும் கோடிகளைக் கொடுக்க முடியாது. விதியை முன்னாடியே சொல்ல முடியும்.

பேச்சு முடிஞ்சும் ஒருத்தர் பேப்பர் போட்டால்? விலகியவரின் கடைசி ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரணும் என்பது புது விதி. "நாற்பத்தஞ்சு நாள் ஆகும், அப்புறமா வாங்க" என்று பழைய பாட்டைப் பாடும் முன் எச்.ஆர்.-இடம் ஒரு முறை கேட்டுக்குங்க.

இந்தச் சட்டத்தில் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் மேற்பார்வை, நிர்வாக வேலை செய்பவர்களும் வர்றாங்க. அதனால் மேலே சொன்ன 7-ம் தேதி, பாதிப் பிடித்தம், இரண்டு நாள் கணக்கு எல்லாம் மேனேஜருக்கும் பொருந்தும். உங்களுக்கு எத்தனை பர்சன்ட் போட்டாங்க, அதில் கைக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டீங்களா?